கறிக்கடைக்காரரின் பத்தியம்

1

எங்கள் தெருமுனைக் கறிக்கடைக்காரர் போன வாரம் ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து வேலை ஓடவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையுமோ என்று பார்க்கிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியின் வடக்கே ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன். முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கடைக்காரர் துருக்கிக்காரர். அவர் பேசும் ஜெர்மன் ஒரு விதமாகத் தப்பு, நான் பேசுவது வேறு விதமாகத் தப்பு. வரிசையில் நிற்கும் யாராவது ஒரு கிழவி இருவரையும் திருத்துவாள். கண்ணாடிப் பெட்டியில் பாதி இடத்துக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி. மீதிப் பாதியில் இப்போது பயறிலும் பட்டாணியிலும் செய்த, கறி மாதிரியே இருக்கும் துண்டுகளை வைத்திருக்கிறார்.

"அதையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். நான் இரண்டு வருஷமாக அதுதான் சாப்பிடுகிறேன். கறியை நிறுத்திவிட்டேன்" என்றார். கையில் கத்தி. எதிரே தொங்குவது ஆட்டுத் தொடை. கடை நிறைய ஆட்கள். "இதயம் சரியில்லை என்றார் டாக்டர். பூமிக்கும் நல்லதில்லை என்கிறாள் மகள். இரண்டு பேரும் சொன்னால் நான் என்ன செய்வது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் ஒரு கிலோ ஆட்டுக்கறி கேட்டு வாங்கிக்கொண்டு அவருக்கு நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எதுவும் வாங்காமல் வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது. அத்தா, என் அப்பா, இறந்ததும் இதே மாதத்தில்தான்.

2

திருவண்ணாமலையில் எங்கள் அத்தா கறிக்கடை வைத்திருந்தார். இங்கே யாரிடம் சொன்னாலும் இதை நம்ப மாட்டார்கள். வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் அப்பாவின் தொழிலைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை வார்த்தைகளில் "ஆடு வெட்டுவார்" என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தியர்கள் எல்லாரும் சைவம் ஆயிற்றே, அதிலும் கோயில் ஊர் என்கிறீர்களே என்றார். கோயில் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கடைமுன் நிற்கும் கூட்டத்தை வந்து பாருங்கள் என்று சொல்ல ஆசைதான். மொழி போதவில்லை. அவராகவே "விவசாயி" என்று எழுதிக்கொண்டார். இந்த நாட்டின் காகிதங்களில் இன்றைக்கும் என் அத்தா ஒரு விவசாயி.

பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் கடை. அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அத்தாவுக்கு முன்னால் அவருடைய அத்தா கடை நடத்திய காலத்தில், ஒரு வருஷம் சுற்றுப்பட்டில் ஆடுகளுக்கு நோய் வந்து ஜனங்கள் கறி வாங்கவே பயந்தார்களாம். அவர் அன்றைக்கு அறுத்த முதல் ஆட்டின் ஈரலை வறுத்துக் கொண்டுவரச் சொல்லி, கடைவாசலில் நின்று எல்லார் கண்ணெதிரிலும் தின்று காட்டினாராம். நோய் போய்விட்டது, வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. தினமும் விடிந்ததும் முதல் ஆட்டு ஈரல் வீட்டுக்கு வரும். அம்மா மிளகு போட்டு வறுத்து ஒரு சின்ன அலுமினியத் தூக்கில் வைப்பாள். அண்ணன் எடுத்துக்கொண்டு ஓடுவான். அத்தா கறி வெட்டும் கட்டைக்கு முன்னால் நின்று நாலு துண்டு தின்பார், முதலில் வந்தவருக்கு ஒரு துண்டு கொடுப்பார். அப்புறம்தான் கத்தி இறங்கும்.

ஊரே இதற்குப் பழகியிருந்தது. "பாய் வாய் வெச்சாச்சா?" என்று சந்துமுனையிலேயே கேட்டுக்கொண்டு வருவார்கள். வைத்தாச்சு என்றால் பையை நீட்டுவார்கள், இல்லையென்றால் நிற்பார்கள். அத்தாவின் நாக்கில் அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை. அந்தப் பெருமையில் நாங்கள் எல்லாரும் கொஞ்சம் தலைகனத்துத்தான் திரிந்தோம்.

3

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் கடையில் அத்தாவுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. வேலூருக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்துக் கூட்டிவந்தார்கள். ஊரில் எங்களைப் பார்க்கும் டாக்டர் ஒரு வயதானவர். அத்தாவை உட்காரவைத்து, என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று விசாரித்தார். நான் பக்கத்தில் இருந்தேன், பத்தாவது படித்துக்கொண்டிருந்த சமயம். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் கறி என்பது விற்பதற்குத்தான். நாங்கள் தின்றது பருப்பும் கீரையும், வாரத்தில் ஒரு நாள் குடலோ தலையோ. கடை பெருகிய பிறகு தினமும் இரண்டு வேளையும் கறி என்று ஆகிவிட்டது. வருகிறவர்கள் எதிரில் அதுதான் மரியாதை என்றும் ஆகிவிட்டது.

"தீபத்துக்குக் கொடி ஏறினா பத்து நாள் கடைய மூடிடறீங்க இல்ல? அப்ப இன்னா சாப்பிடுவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பருப்பு, காய், மோர். வீட்ல இருக்கறதுதாங்க" என்றார் அத்தா.

"அப்ப உடம்பு எப்படி இருக்கும்?"

அத்தா யோசித்துப் பார்த்துவிட்டு, "லேசாத்தாங்க இருக்கும்" என்றார்.

"அப்ப வருஷம் பூரா தீபம்னு வெச்சுக்கங்க பாய். கறியக் கையால தொடுங்க, வாயால தொடாதீங்க."

அத்தா தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும், "காலைல அந்த நாலு துண்டு ஈரல மட்டும் நிறுத்த முடியாது" என்றார். நிறுத்தினால் கடையை நிறுத்த வேண்டியதுதான். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. டாக்டருக்குத்தான் தெரியவில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மா. பின்தெருவில் சரோஜா அக்கா என்று ஒருவர். சுத்த சைவக் குடும்பம். கறி கேட்டு அடம்பிடிக்கும் தன் பிள்ளைகளுக்கு அவர் பச்சைப்பயறில் ஈரல் செய்து தருவார். பயறை ஊறவைத்து அரைத்து, தட்டில் ஊற்றி இட்லி மாதிரி வேகவைத்து, துண்டு போட்டு மிளகும் சோம்பும் சேர்த்து எண்ணெயில் கறுக்க வறுப்பது. "மொளகு மட்டும் தூக்கலா போடுங்க பாயம்மா. தூரத்துல இருந்து பாத்தா எங்க மாமியாரே ஏமாந்துடும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

மறுநாளிலிருந்து தூக்கில் இரண்டு பக்கம். நடுவில் ஒரு வாழையிலைத் துண்டு. இந்தப் பக்கம் அத்தாவுக்குப் பயறு, அந்தப் பக்கம் முதல் வாடிக்கைக்காரருக்கு அசல் ஈரல். அத்தா வாய் வைத்தார், ஊர் கறி வாங்கியது. கறி நல்ல கறிதான், அதில் எந்தப் பொய்யும் இல்லை. ஆறு மாதத்தில் அத்தாவின் சட்டை தொளதொளத்தது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "இன்னா பாய், மாப்பிள்ள ஆயிட்டீங்க" என்று கேலி செய்தார். அம்மா அந்த வருஷம் சிரித்தது மாதிரி அதற்குப் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

4

என் மகள் நஸ்ரீனுக்குப் பல்கலைக்கழகத்தில் இதெல்லாம்தான் படிப்பு. உலகம் சூடாவதைப் பற்றி அவள் சாப்பாட்டு மேஜையில் பாடம் எடுப்பாள். கறிக்காகக் காடு அழிகிறது, கால்நடைகளுக்குத் தீனி விளைவிக்கவே பாதி நிலம் போகிறது, அவை விடும் ஏப்பம்கூடக் காற்றைச் சூடாக்குகிறது என்பாள். பயறு அப்படியில்லையாம். தண்ணீர் கம்மி, மண்ணுக்கும் உரம். உடம்புக்கு எது நல்லதோ பெரும்பாலும் அதுவே பூமிக்கும் நல்லதாக இருக்கிறது என்கிறாள். எங்கள் முதியோர் இல்லத்திலும் வாரத்தில் இரண்டு நாள் கறி இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கிழவர்கள் தட்டை என் பக்கம் தள்ளி முறைக்கிறார்கள். திட்டு வாங்குவது நான்.

அவள் பேசும்போது எனக்கு எங்கள் ஊரின் அந்நாளைய மலை ஞாபகம் வரும். இப்போது போய்ப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது, அப்போது அது வெறும் பாறை. முளைக்கிற புல்லை ஆடு மேய்ந்துவிடும். மேய்ந்தது போக மிச்சமிருந்த புதரை விறகுக்கு வெட்டிவிடுவார்கள். கோடையில் யாராவது பற்றவைத்து மலைச் சரிவில் நெருப்பு ஓடும். பகலெல்லாம் வெயில் குடித்த கல், சாயங்காலம் அனலை ஊருக்குள் விடும். மழை பெய்தால் மண்ணோடு வழிந்து ஓடிவிடும். ஆட்டை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கும் எரிந்தது அந்த மலைதான். ஆனாலும் வாரம் ஒரு நாள் கறி தின்ற ஊர் தினம் கறி கேட்க ஆரம்பித்தது எங்கள் கண்ணெதிரில் நடந்தது. ஆட்டுக்காரர்களிடம் அத்தா வாங்கும்போது முனகுவார்.

"மேய எடம் இல்ல, ஆடு எலும்பா வருது. ஜனங்க ஜாஸ்தி கேக்கறாங்க. எங்கருந்து குடுக்கறது?"

மலைக்கும் அத்தாவுக்கும் ஒரே வியாதி என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிற்பாடு மலைக்குப் பத்தியம் போட்டார்கள். மேய்ச்சலைத் தடுத்தார்கள், கன்று நட்டார்கள், நெருப்பை அணைக்க ஆள் வைத்தார்கள். இப்போது பச்சையாக இருக்கிறது என்று போனில் அம்மா சொல்கிறாள். நல்லதுதான், சந்தோஷம். எனக்கு அதைக் கேட்டால் வயிறு எரிகிறது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

5

ஏழுமலை என்று ஒருவர். வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார், நல்ல ஆகிருதி. எங்கள் கடையின் பெரிய வாடிக்கைக்காரர். முதல் ஆளாக வந்து நின்று ஈரல் துண்டு வாங்கித் தின்பதில் அவருக்கு ஒரு குஷி. ஒரு நாள் காலை கறி வாங்கும்போது அவர் சொன்னதை, கூட நின்ற அண்ணன் அப்படியே வீட்டில் வந்து சொன்னான்.

"பாய், எனக்கும் நெஞ்சு அடைக்குதுனு டாக்டர்ட்ட போனேன். கறிய நிறுத்துனு சொல்லிட்டாரு. நான் கேப்பனா? நம்ம பாய்க்கு நெஞ்சு புடிச்சுது. அவரு தெனம் ஈரல் தின்னுட்டுக் குத்துக்கல்லாட்டம் நிக்கறாரு. எனக்கு இன்னா வந்துடும்? இன்னும் அரைக் கிலோ சேத்துப் போடுங்க."

அத்தா கத்தியை வைத்துவிட்டார். ஏழுமலையைப் படுதாவுக்குப் பின்னால் கூப்பிட்டார். தூக்கில் தன் பக்கத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்து, தின்னுங்க என்றார்.

"இன்னா பாய், மாவா இருக்குது?"

"அது பச்சப்பயறுங்க. ஆறு மாசத்துக்கு மேல இதான் திங்கறேன். கறில ஒரு கொற இல்ல, அல்லா மேல ஆணை. என் ஒடம்புக்குத்தான் ஆவல. உங்க ஒடம்புக்கும் ஆவாது. டாக்டர் சொன்னதக் கேளுங்க."

அம்மா இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தா மதியம் வந்ததும், "ஏங்க சொன்னீங்க?" என்றாள். ஒரே கேள்விதான்.

"என்னப் பாத்து ஒருத்தன் சாவணுமா?" என்றார் அத்தா. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஏழுமலை கெட்டவர் இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அவர் கறியை நிறுத்தினார், அவர் பெண்சாதி சரோஜா அக்காவிடமே வந்து பயறு ஈரல் கற்றுக்கொண்டு போனாள். அவருக்குத் தேறியது. தேறிய சந்தோஷத்தில் மண்டியிலும் டீக்கடையிலும் பார்த்தவர்களிடமெல்லாம் பாயின் பெருமையைப் பேசினார். தன் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்ன மனுஷன், அவரைப் போல உண்டா என்றார். ஊர் அதில் பாதியைத்தான் காதில் வாங்கியது. பாய் தின்று காட்டுவது கறியே இல்லை என்கிற பாதி.

"பாயே வாய் வெக்காத கறி நமக்கு எதுக்கு?" என்று சந்துமுனையில் யாரோ சத்தமாகச் சொன்னது கடைக்குள் கேட்டதாம். அறுத்த ஆடு சாயங்காலம் வரை தொங்கியது. ஈ மொய்க்கிறது என்று அதையும் பேசினார்கள். மிஞ்சியது வீட்டுக்கு வந்தது. கறியே தின்னக் கூடாத மனுஷன் இருந்த வீட்டில், வீணாக்க மனமில்லாமல் மூன்று வேளையும் கறி கொதித்தது.

ஏழுமலை ஓடிவந்து, "நான் நல்லதுனு நெனச்சுத்தான் பாய் சொன்னேன்" என்று கும்பிட்டார். அத்தா அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

6

ஐந்தாறு மாதம் அத்தா தாக்குப்பிடித்தார். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், "நாளைக்கு ஈரலே வறுத்து அனுப்பு. ஒரே பக்கமா வை" என்றார்.

அம்மா மாட்டேன் என்றாள். அழுதாள். சாப்பிடாமல் படுத்தாள். அத்தா கோபப்படவே இல்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. "நாலு துண்டுதான? அண்ணாமல ஊர்ல வேற எவன் இப்படி ராஜா மாதிரி காலைல ஈரல் திங்கறான்?" என்று சிரிக்கப் பார்த்தார்.

விடிந்ததும் அம்மா வறுத்தாள். அத்தா கடைவாசலில் நின்று நாலு துண்டுக்குப் பதில் எட்டுத் துண்டு தின்றாராம். இது பயறு இல்லை என்று தெரிய வேண்டுமே, ஒவ்வொரு துண்டையும் பிய்த்துக் காட்டித் தின்றாராம். ஜனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பழையபடி சந்தை அடைத்தது. எண்பதுகள் பிறந்திருந்தன. சட்டை மறுபடி இறுகியது, படியேற மூச்சு வாங்கியது. தீபம் வந்தால் மட்டும் பத்து நாள் லேசாக இருந்தார். அம்மா அந்தப் பத்து நாளும் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு கோடைக் காலையில் கட்டைக்கு முன்னால் விழுந்தார். வேலூர் போக நேரம் இருக்கவில்லை.

இந்தக் கதையை நஸ்ரீனுக்குப் போன வாரம்தான் முழுக்கச் சொன்னேன். கண் கலங்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "அம்மா, தாத்தா அந்தக் காலத்துலயே ரைட்டா பண்ணிருக்காரு. நான் இத எங்க கூட்டத்துல சொல்லட்டுமா? ரொம்ப நல்ல உதாரணம்" என்றாள். அவள் தமிழ் இப்படித்தான், இவ்வளவாவது வருகிறதே என்று இருப்பேன். அன்றைக்கு எரிச்சல் வந்தது. உதாரணமாம். சொல்லாதே என்று கத்திவிட்டேன். அவள் சொல்வதெல்லாம் சரிதான், அவளிடம் எனக்கு மறுப்பே இல்லை. நெஞ்சுக்கு எது நல்லது என்று அத்தாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. நல்லதைச் சொல்லிவிட்டு அவரால் அங்கே கடை திறந்து வைத்திருக்க முடியவில்லை. இதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

7

நாற்பதாம் நாள் முடிந்து அண்ணன் கடையைத் திறந்தான். அவனுக்கு அப்போது மீசை அடர்ந்தும் அடராத வயது. முதல் ஆடு அறுத்து, ஈரல் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். நான் பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றவள், ஈரலைப் பூனைக்குப் போட்டுவிட்டு வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். என்னையும் வா என்றாள்.

அம்மா அதுவரை கடைப்பக்கம் வந்ததே இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தச் சந்தில் நடக்க மாட்டார்கள். கூட்டம் நின்றுகொண்டிருந்தது. பாய் மகன் வாய் வைக்கட்டும் என்று காத்திருந்தது. துப்பட்டியைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னால் ஏழுமலையும் நின்றிருந்தார். அவர் கறி வாங்க வரவில்லை, சும்மா துணைக்கு வந்திருந்தார். அம்மா படியேறிக் கட்டைக்குப் பக்கத்தில் நின்று, தெருவைப் பார்த்துப் பேசினாள். 

"இந்தக் கடைல இனிமே யாரும் தின்னு காட்ட மாட்டாங்க. கறி நல்ல கறி. வாங்கறவங்க வாங்குங்க, வேணாங்கறவங்க போங்க. என் புள்ள வாயத் தொறக்க மாட்டான்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.  இரண்டு பேர் வாங்கினார்கள். ஒருவர் ஏழுமலை, வேலைக்காரர்களுக்கு என்று சொல்லி வாங்கினார். மற்றவர்கள் பையைச் சுருட்டிக்கொண்டு, சங்கடமாக, ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

அந்த வருஷமே கடையை மூடினோம். அண்ணன் சவுதிக்குப் போனான். ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து ஒரு மாதம் இருப்பான். என்னையும் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கே கொடுத்தார்கள், உள்ளூரில் சொல்லிக்கொள்ள எங்களுக்கு எதுவும் மிச்சமில்லை. அண்ணன் இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறான், அறுபதைத் தாண்டிவிட்டான். அம்மா ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அவன் கட்டிய வீட்டில் சின்னம்மாவோடு இருக்கிறாள். பெற்றவளுக்குப் பிள்ளைகளின் முகம் போனில்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது வாய் தவறியோ வேண்டுமென்றோ கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீ கடைக்கு வராம இருந்திருந்தா அண்ணன் இத்தன வருஷமும் உன் பக்கத்துலயே இருந்திருப்பான் இல்லம்மா?"

 

"பக்கத்துல இல்லதான்" என்றாள் அம்மா. "ஆனா இருக்கான் இல்ல?"